வன்னியில் றேடியோ கேட்பவர்களின் கேள்விகள்: விடியற்காலைச் செய்தியிலிருந்து வயற்காவல் வரை

ஒட்டுசுட்டானில் றேடியோ, டோர்ச், மின்விசிறி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். முத்தையன்கட்டுத் தண்ணீரில் கொஞ்சம் வயலும் செய்கிறேன். கடைக்கு வருபவர்கள் பெட்டியைத் தந்துவிட்டுச் சும்மா நிற்பதில்லை. “அண்ணை, இது ஏன் இரவில மட்டும் நல்லாக் கேட்குது?” என்று தொடங்கி, எதை எப்போது கேட்கலாம் என்பது வரை பேச்சு போகும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கையில் போன் இருக்கும்போது தனியாக ஒரு றேடியோ எதற்கு?

போன் கைவிடும் நாட்கள் வன்னியில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2018 டிசம்பர் 21, 22ஆம் திகதிகளில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை நினைத்துப் பாருங்கள். இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தார்கள், ஊர்களுக்குள் தண்ணீர் வந்தது. அப்படியான நேரத்தில் மின்சாரம் நின்றால் போன் கோபுரம் தன் பற்றரியில் சில மணி நேரம்தான் தாங்கும். அதற்குப் பிறகு கையிலிருக்கும் போன் வெறும் டோர்ச். 2022 நெருக்கடியில் மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போதும் பற்றரி றேடியோ வைத்திருந்தவர்களுக்கு உலகம் அறுந்துபோகவில்லை. சின்னப் பெட்டி ஒன்றுக்கு இரண்டு பெரிய பற்றரி போட்டு, நாளுக்குச் சில மணி நேரம் கேட்டால் வாரக்கணக்கில் ஓடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. போன் ஒருவருடைய பொருள். அதில் ஓடுவதை அவர் மட்டும் கேட்கிறார், மற்றவர்கள் தங்கள் போனுக்குள் போகிறார்கள். றேடியோ வீட்டுக்குச் சொந்தம். விறாந்தையில் ஒன்று பாடினால் அடுப்படியில் நிற்பவருக்கும் கேட்கும், கிணற்றடியில் நிற்பவருக்கும் கேட்கும், படலையைத் திறந்து வருபவரும் “என்ன, செய்தி போகுதோ?” என்று கேட்டு வந்து உட்காருவார். இந்தப் பக்கத்தில் நான் சொல்லும் பல விஷயங்கள் இதைச் சுற்றித்தான் வரும்.

ஐப்பசி பிறக்கும் முன்னரே, மாரி மழைக்காகப் பற்றரி வாங்கி ஒரு பையில் கட்டி வையுங்கள். வெள்ளம் வந்த பிறகு கடைக்குப் போக முடியாது.

என் போனிலேயே எப்.எம் இருக்கிறதே?

இருந்தால் நல்லது. ஆனால் அது இயர்போன் வயரைத்தான் ஏரியலாகப் பாவிக்கிறது. வயரைச் செருகாமல் திறந்தால் பல போன்களில் ஒன்றும் கேட்காது. புதிய போன்கள் பலவற்றில் அந்த வசதியே இல்லை. வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

உங்கள் ஒரு நாளில் எப்போது எதைக் கேட்பீர்கள்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கடையில் எப்போதும் ஏதோ ஒன்று பாடுவதால், நான் நாள் முழுக்கக் கேட்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

விடியப்புறம் கோயில் லவுட்ஸ்பீக்கர் எனக்கு முதல் எழும்பிவிடும். அதனால் பக்திப் பாட்டுக்காக நான் றேடியோவைத் திறப்பதில்லை. தேநீர் கொதிக்கும்போது காலைச் செய்திக்குத் திறப்பேன். காலைச் செய்தியில் எனக்கு வேண்டியவை மூன்று: மழை, நெல் விலை, உரம். பெரும்போகத்துக்கு விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் என்ற ஒரு வரி போதும். அன்றைக்கு மருந்தடிப்பதா, வரம்பு கட்டுவதா என்பதை அந்த வரிதான் தீர்மானிக்கும். செய்தி முடிந்ததும் மரண அறிவித்தல்கள். அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

பிறகு வயலுக்குப் போனால் ஒன்பது மணி வரை எதுவும் கேட்பதில்லை. கடை திறந்ததும் எப்.எம். சூரியன், சக்தி இரண்டும் 1998இல் தொடங்கியவை. அவை வந்த பிறகுதான் நாள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருக்கும் அலைவரிசைகள் பழக்கமாயின. அதற்கு முன் ஒரு நிகழ்ச்சிக்கு நேரம் பார்த்துத் திறந்து, முடிந்ததும் பூட்டிவிடுவார்கள். கடையில் பாட்டு ஓடுவது எனக்காக இல்லை. வந்து காத்திருக்கும் ஆளுக்கு அது ஒரு கதிரை போட்டுக் கொடுப்பது போல. நுணுக்கமான ஈயம் பிடிக்கும் வேலை வந்தால் நிறுத்திவிடுவேன்.

மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு றேடியோ வேண்டாம். சாப்பிட்டுச் சரியும் நேரத்தில் விளம்பரச் சத்தம் எனக்கு ஒத்துவராது, பெட்டியும் கொஞ்சம் ஆறட்டும்.

பின்னேரம் பிள்ளைகள் படிக்க உட்காரும் வரை பாட்டு. அவர்கள் புத்தகம் எடுத்தால் பெட்டி பூட்டு. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மத்திய அலை, பெட்டியில் MW என்று போட்டிருக்கும் பகுதி. இந்த நேரம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அப்போது ஊசியை மெல்ல மெல்ல நகர்த்தினால் திருச்சி வரும், தூத்துக்குடி வரும், புத்தளத்திலிருந்து 882 கிலோ ஹேர்ட்ஸில் ஒலிபரப்பாகும் நிலையம் வரும், இடையிடையே மொழி விளங்காத குரல்களும் வரும். கதிர் முற்றும் காலத்தில் இதே பெட்டி என்னோடு வயற்காவல் பரணுக்கு வந்துவிடும்.

மரண அறிவித்தலை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்? இளம் பிள்ளைகளுக்கு அது அபசகுனமாகப் படுகிறதே.

பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி ஒருமுறை கேட்கச் சொல்லுங்கள். ஒருவரின் பெயருக்கு முன் வரும் ஊர்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஒரு தீவகத்து ஊரைப் பிறப்பிடமாகவும், விசுவமடுவை வசிப்பிடமாகவும், கனடாவைத் தற்போதைய வதிவிடமாகவும் கொண்டவர் என்று வாசிப்பார்கள். அந்த மூன்று ஊர்ப் பெயர்களுக்குள் ஒரு குடும்பத்தின் முழுப் பயணமும் இருக்கிறது.

வன்னியில் இருப்பவர்கள் பல வழியால் வந்து சேர்ந்தவர்கள். தலைமுறை தலைமுறையாகக் குளத்தோடு இருந்தவர்கள் ஒரு பக்கம். 1950களில் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்று வந்தவர்கள் ஒரு பக்கம். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வந்தவர்கள், 1995 இடப்பெயர்வில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள் என்று இன்னும் பலர். 2009க்குப் பிறகு மிஞ்சியவர்களும் ஒரே இடத்துக்குத் திரும்பவில்லை. உடன்பிறந்தவர் வவுனியாவில், பெரியம்மாவின் மக்கள் மன்னாரில், ஒன்றாகப் படித்தவர் சுவிஸில் என்று உறவு சிதறிக் கிடக்கிறது. யாரிடம் யாருடைய போன் இலக்கம் இருக்கிறது? முப்பது வருடம் முன்பு பக்கத்துக் கொட்டிலில் இருந்தவர் இறந்தால் எங்களுக்கு அறிவிக்க எவரும் இல்லை. றேடியோதான் அறிவிக்கிறது.

அதனால்தான் அறிவித்தல் தொடங்கியதும் எங்கள் வீட்டில் சத்தத்தைக் கூட்டுவோம், கதை நிற்கும். “காலஞ்சென்றவர்களான” என்று தொடங்கி அன்பு மகனும், பாசமிகு கணவரும், மாமனாரும், பேரனும் என்று உறவுமுறை அடுக்கி வரும்போது, எங்கோ ஒரு பெயரில் அம்மா “ஐயோ, இது எங்கட ஆள்” என்பார். ஈமைக்கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்பது கடைசியில்தான் வரும். பென்சிலும் ஒரு துண்டுக் கடதாசியும் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இரண்டாவது முறை வாசிக்கும் வரை காத்திருந்து நேரத்தைத் தவறவிட்டவர்கள் உண்டு.

இரவில் திருச்சி வானொலி பக்கத்து வீட்டில் பேசுவது போலக் கேட்கிறது. பகலில் ஏன் இரைகிறது?

சூரியன்தான் காரணம். எங்கள் தலைக்கு மேல் அறுபது, எழுபது கிலோமீற்றர் உயரத்தில் சூரிய ஒளியால் மின்னேற்றம் பெறும் ஒரு படை இருக்கிறது. பகலில் அது மத்திய அலைகளை உறிஞ்சிவிடும். பொழுதுபட்டதும் அந்தப் படை கரைந்துபோகிறது. அதற்கும் மேலே, நூறு கிலோமீற்றருக்கு அப்பால் உள்ள படைகள் இரவிலும் நிற்கும். அலைகள் அவற்றில் பட்டுத் தெறித்துத் தூரத்தில் வந்து இறங்குகின்றன. பகலில் வருவது தரையோடு ஊர்ந்து வரும் அலை மட்டுமே.

அப்படியிருந்தும் எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. தரையலைகள் காய்ந்த நிலத்தைவிட உப்புத் தண்ணீரின் மேல் அதிக தூரம் போகும். திருச்சி 936 கிலோ ஹேர்ட்ஸில் இருக்கிறது. நேர்க்கோட்டில் பார்த்தால் ஒட்டுசுட்டானிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்குள்தான். நடுவில் பாக்குநீரிணை. தூத்துக்குடி 1053 கிலோ ஹேர்ட்ஸில் 200 கிலோவாற் வலுவோடு இலங்கையை நோக்கியே ஒலிபரப்புவதற்காக அமைக்கப்பட்டது. மன்னார்ப் பக்கத்து ஆட்கள் பட்டப்பகலிலும் கேட்பதாகச் சொன்னால் அதில் வியப்பில்லை.

பெட்டியைத் திருப்பி வைத்தால் தெளிவாகிறது. ஏன்?

பெட்டிக்குள் கறுப்புக் கோல் ஒன்று, மெல்லிய செப்புக் கம்பி சுற்றியபடி கிடக்கும். மத்திய அலைக்கு அதுதான் ஏரியல். வெளியே இழுக்கும் கம்பி எப்.எம்முக்கும் சிற்றலைக்கும் உரியது. அந்தக் கோலின் பக்கவாட்டு நிலையம் இருக்கும் திசையைப் பார்க்கும்போது நன்றாக எடுக்கும், கோலின் முனை நிலையத்தைப் பார்த்தால் குரல் செத்துவிடும். எனவே திருச்சி வேண்டுமென்றால் பெட்டியை வைத்துவிட்டு, மெல்லச் சுழற்றிப் பாருங்கள்.

இரைச்சலுக்கு இன்னொரு காரணமும் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். மலிவான எல்.இ.டி பல்புகளும் போன் சார்ஜர்களும் மத்திய அலையைக் கெடுக்கின்றன. ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி அகப்படும். மின்சாரம் நின்ற இரவில் றேடியோ அவ்வளவு சுத்தமாகக் கேட்பது இதனால்தான்.

எப்.எம் வீட்டில் கேட்கிறது, வயலில் கேட்கவில்லை.

எப்.எம் அலை கண்பார்வை போல நேராகப் போவது. வன்னி சமதரை என்பதால் மலை மறைப்பு இல்லை, ஆனால் தூரமும் காடும் இருக்கின்றன. உயரம்தான் மருந்து. 100 மெகா ஹேர்ட்ஸில் ஓர் அலையின் நீளம் 3 மீற்றர், அதில் கால்வாசி 75 சென்ரிமீற்றர். அந்த அளவுக்கு ஒரு வயரை வெட்டி, இழுவைக் கம்பியில் இறுக்கி, பரணிலோ மரக்கொப்பிலோ நிமிர்த்திக் கட்டிப் பாருங்கள். பலருக்கு இது போதுமாக இருந்திருக்கிறது. மின்னல் காலத்தில் மட்டும் மரத்தில் கட்டாதீர்கள்.

கோடை நாட்களில் கடற்கரைப் பக்கம் திடீரென்று தமிழ்நாட்டு எப்.எம் கேட்கும், அடுத்த நாள் காணாமல் போகும். கடலுக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் படைபடையாக நிற்கும்போது அலை அதற்குள் வளைந்து வருகிறது. உங்கள் பெட்டியில் பிழை ஒன்றும் இல்லை.

சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டார்கள் என்று தாத்தா சொல்கிறார். உண்மையா?

முழு உண்மை. 1990களில் வன்னிக்குப் பற்றரி கொண்டுவரத் தடை இருந்தது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதே பாடு. செய்தி கேட்காமலும் இருக்க முடியாது, ஏனென்றால் நாளைக்கு எந்தப் பக்கம் போவது என்பதே செய்தியில்தான் இருந்தது.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துவார்கள், அல்லது ஸ்ராண்டில் ஏற்றிவிடுவார்கள். டைனமோவைப் பின் சில்லோடு உரச விட்டு, ஒருவர் பெடலைச் சுற்றுவார். அந்த டைனமோ 6 வோல்ற், 3 வாற் தருவது. நாலு பற்றரி போடும் பெட்டிக்கு அளவாக இருந்தது. ஆனால் அதிலிருந்து வருவது ஆடலோட்டம், றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். அதனால் நடுவில் டயோட் போட்டுக் கட்ட வேண்டும், ஒரு கொள்ளளவியும் போட்டால் உறுமல் குறையும். பாடசாலையில் விஞ்ஞானம் படித்த பெடியள் பழுதான பெட்டிகளைப் பிரித்து இந்தச் சாமான்களை எடுத்தார்கள். வேகமாகச் சுற்றினால் வோல்ற் ஏறிப் பெட்டி எரியும். மெதுவாகச் சுற்றினால் குரல் அடங்கிப்போகும், ரேப் றெக்கோடர் என்றால் பாட்டு இழுபடும். எனவே சுற்றுபவருக்கு ஒரு சீர் பழகியிருக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடுத்தவர் மாறுவார்.

செத்த பற்றரிகளையும் விடவில்லை. வெயிலில் காய வைப்பார்கள், ஆணியால் துளை போட்டு உப்புத் தண்ணீர் விடுவார்கள். கொஞ்ச நேரம் உயிர் வரும். அந்தக் காலத்துச் சாதாரணப் பற்றரியில் செய்ததை இன்றைய அல்கலைன் பற்றரியிலோ சார்ஜ் ஏற்றும் பற்றரியிலோ செய்யாதீர்கள், கையும் கண்ணும் போகும். 2002 போர்நிறுத்தத்தோடு ஏ9 வீதி திறந்து பற்றரி தாராளமாக வந்த பிறகுதான் டைனமோ மறுபடி சைக்கிள் விளக்குக்கு வேலை செய்தது.

இதைக் கேட்கும் பிள்ளைகள் அந்தக் கருவியின் கெட்டித்தனத்தைத்தான் வியப்பார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அந்த முற்றம். ஒருவர் சுற்ற, சுற்றிவரப் பத்துப் பதினைந்து பேர் பாயில் இருந்து கேட்பார்கள். ஒரு காது செய்தியில், மற்றக் காது வானத்தில், கிபிர் போர் விமானத்தின் சத்தம் வருகிறதா என்று. கேட்டு முடிந்ததும் ஒருவரும் உடனே எழும்ப மாட்டார்கள். கேட்டதன் பொருள் என்ன என்று அங்கேயே பேசித் தீர்ப்பார்கள்.

அப்போது எந்த நிலையங்களைக் கேட்டார்கள்?

இரவு 9.15க்கு லண்டனிலிருந்து பி.பி.சி தமிழோசை. அந்த நேரத்தைப் பற்றி ஒரு விஷயம் இன்று பலருக்குத் தெரியாது. 1996இல் இலங்கை அரசு மணிக்கூட்டை முன்னால் நகர்த்தியது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதியில் அந்த மாற்றத்தை ஏற்கவில்லை. அதனால் கொழும்பில் தமிழோசை 9.45க்கு ஆனபோதும் வன்னியில் 9.15க்கே இருந்தது. 2006 ஏப்ரலில் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை இரண்டு பகுதிக்கும் நடுவில் இருந்த ஓமந்தையைக் கடப்பவர்கள் மணிக்கூட்டையும் அரை மணி நேரம் திருப்ப வேண்டியிருந்தது.

மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி, கொழும்பிலிருந்து இலங்கை வானொலி, வன்னிக்குள்ளேயே 1990இல் தொடங்கிய புலிகளின் குரல். இந்தக் கடைசி நிலையம் 2007 நவம்பர் 27ஆம் திகதி கிளிநொச்சியில் விமானத் தாக்குதலுக்கு உள்ளானது. அதில் பணியாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்திலிருந்து பேசியது. அதனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. ஒரே செய்தியை மூன்று இடத்தில் கேட்காமல் நம்புவதில்லை. ஒன்று சொன்ன எண்ணையும் மற்றது சொன்ன எண்ணையும் ஒப்பிடுவார்கள், யார் எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்று பார்ப்பார்கள். இன்றைக்கு வட்ஸ்அப்பில் பெயர் தெரியாத ஒரு குரல் “குளம் உடைக்கப் போகுது, எல்லாரும் எழும்புங்கோ” என்று சொன்னால் உடனே பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். அந்த முற்றத்தில் இருந்தவர்கள் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள். அவசரச் செய்தி வந்தால் முதலில் றேடியோவைத் திறவுங்கள், பிறகு கிராம அலுவலரைக் கேளுங்கள், அதற்குப் பிறகு அனுப்பலாம்.

தமிழோசை இப்போது எந்த அலைவரிசையில்?

எதிலும் இல்லை. 1941 மே மாதம் தொடங்கிய பி.பி.சியின் தமிழ் ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு சிற்றலையில் நின்றது. வெரித்தாஸின் சிற்றலை 2018இல் நின்றது. இரண்டும் இப்போது இணையத்தில் இயங்குகின்றன. சிற்றலைக்காக மட்டும் கூடக் காசு கொடுத்துப் பெட்டி வாங்க வேண்டாம்.

பழைய இலங்கை வானொலியைப் பற்றி ஏன் இவ்வளவு உருகுகிறார்கள்?

கொழும்பில் ஒலிபரப்பு 1925 டிசம்பர் 16ஆம் திகதி தொடங்கியது. ஆசியாவிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படையினருக்காக ஏக்கலையில் வைத்த பெரிய ஒலிபரப்பிகள் போருக்குப் பின் இலங்கைக்குக் கிடைத்தன. அந்த வலுவில்தான் தமிழ்நாடு முழுக்க அதைக் கேட்டது. எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயரைக் கடல் கடந்தும் சொன்னார்கள். ‘பொங்கும் பூம்புனல்’ தொடங்கினால் காலை வேலைக்கு அதுவே மணிக்கூடு.

உருகுவது பாட்டுக்காக மட்டும் என்று நான் நினைக்கவில்லை. அந்த அறிவிப்பாளர்கள் ஒரு சொல்லை விழுங்கமாட்டார்கள். ல, ள, ழ மூன்றும் மூன்றாகக் கேட்கும். அதைக் கேட்டே தமிழைத் திருத்தமாகப் பேசப் பழகியவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். இப்போதைய எப்.எம் அறிவிப்பாளர்களிலும் அப்படிப் பேசுபவர்கள் உண்டு. அவர்களுடைய நேரத்தைத் தேடிப் பிள்ளைகளுக்குக் கேட்கக் கொடுங்கள்.

இணைய வானொலி கேட்டால் டேட்டா எவ்வளவு போகும்?

கணக்கு சுலபம். ஒரு நிலையம் செக்கனுக்கு 64 கிலோபிற் வேகத்தில் அனுப்பினால் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 29 மெகாபைற் போகும். 128 என்றால் 58. தினம் இரண்டு மணி நேரம் 64இல் கேட்டால் மாதத்துக்கு ஒன்றே முக்கால் ஜிகாபைற்றுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனால் அதே பாட்டை யூடியூப்பில் படத்தோடு ஓடவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தால் இதைப்போலப் பல மடங்கு போகும். பார்க்காத படத்துக்குக் காசு கட்டுகிறீர்கள்.

கனடா, லண்டன் தமிழ் வானொலிகளை எந்த நேரத்தில் திறக்க வேண்டும்?

அவர்களுடைய காலை நிகழ்ச்சியைக் கேட்கத்தான் பலரும் விரும்புகிறார்கள், உறவுகள் வாழ்த்துச் சொல்வது அதில்தான். ரொறன்ரோவில் காலை 7 மணி என்றால் எங்களுக்குக் கோடையில் பின்னேரம் 4.30, குளிர்காலத்தில் 5.30. லண்டன் காலை 7 மணி கோடையில் எங்களுக்கு 11.30, குளிர்காலத்தில் மத்தியானம் 12.30. லண்டனில் மார்ச், ஒக்ரோபர் மாதங்களின் கடைசி ஞாயிறுகளில் நேரம் மாறும். கனடாவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும்.

இயர்போனில் கேட்பது கெடுதலா?

சத்தத்தையும் நேரத்தையும் பொறுத்தது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு நாலு மணி நேரம்தான். பஸ் இரைச்சலை மேவுவதற்காகச் சத்தத்தைக் கூட்டும்போது நீங்கள் அந்த இரண்டாவது இடத்துக்குப் போய்விடுகிறீர்கள். எங்கள் ஊரில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. ஷெல் சத்தத்தில் ஏற்கெனவே காது பாதிக்கப்பட்டவர்கள் பலர். அவர்கள் மருத்துவரிடம் காட்டாமல் இயர்போன் பாவிக்கவே வேண்டாம்.

வீதியில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்துக்கும் யாழ்தேவி திரும்பி ஓடத் தொடங்கியது. பல வருடம் தண்டவாளமே இல்லாமல் இருந்த ஊர்களில் இப்போது வேகமாக ரயில் போகிறது. படலை இல்லாத, ஆள் இல்லாத பாதுகாப்பற்ற புகையிரதக் கடவைகள் இன்னும் இருக்கின்றன. அங்கே உங்களைக் காப்பாற்றுவது காது ஒன்றுதான். சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு போகும் பிள்ளைகளைக் கண்டால் மறித்துச் சொல்லுங்கள். கோபித்தால் கோபிக்கட்டும்.

வயற்காவலில் றேடியோ போட்டால் யானை வராதா?

வரும். முதல் நாள் தயங்கும், இரண்டாம் நாள் நின்று பார்க்கும், பிறகு றேடியோ கடிக்காது என்று அதற்குத் தெரிந்துவிடும். பன்றியும் அப்படித்தான். பரணில் றேடியோ உங்களுக்காக, நித்திரை வராமலிருக்க. அதற்குப் பாட்டைவிடப் பேச்சு நல்லது: நாடகம், செவ்வி, கிரிக்கெற் வர்ணனை. மெல்லிய பாட்டு ஆளைச் சாய்த்துவிடும்.

சத்தத்தைக் குறைத்து வையுங்கள். இடையிடையே முழுதாக நிறுத்திக் காது கொடுங்கள். யானை இவ்வளவு பெரிய உடம்போடு சத்தமே இல்லாமல் நடக்கும். கொப்பு முறியும் சத்தம்தான் முதல் தகவல். பக்கத்துப் பரண்காரரோடு பேசி, ஒருவர் கேட்கும்போது மற்றவர் நிறுத்தி வைப்பது என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. எங்கள் வெளியில் அப்படித்தான் செய்கிறோம்.

அம்மாவுக்குக் கண் தெரியவில்லை. அவருக்கு எந்தப் பெட்டி நல்லது?

திருகு உள்ளது. திரையில் எண் காட்டும் பெட்டி வேண்டாம். திறக்கும் திருகும் சத்தத் திருகும் ஒன்றாக இருக்கும் பெட்டி என்றால் அவரே திறப்பார், அவரே பூட்டுவார். அவருக்குப் பிடித்த நிலையத்தில் ஊசியை வைத்து, டயல் திருகின் மேல் ஒரு துண்டு ரேப் ஒட்டிவிடுங்கள், யாரும் தவறி அசைக்காதபடி. கைக்கு எட்டும் உயரத்தில், எப்போதும் ஒரே இடத்தில் வையுங்கள். இன்னொரு நிலையமும் வேண்டும் என்றால் இரண்டாவது சின்னப் பெட்டி வாங்கி அதற்கு வேறு துணி உறை போடுங்கள், தொட்டுப் பார்த்தே எது எது என்று தெரிந்துகொள்வார். வயதானவர்கள் தனியே இருக்கும் வீடுகள் வன்னியில் நிறைய இருக்கின்றன. பிள்ளை வெளிநாட்டிலிருந்து விலை கூடிய போன் அனுப்பியிருப்பான், அது மேசையில் சார்ஜ் இல்லாமல் கிடக்கும். அந்த வீட்டுக்கு இப்படி ஒரு பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள்.

சத்தத்தைக் கூட்டும்போது கரகரக்கிறது. பெட்டி முடிந்ததா?

இல்லை. சத்தத் திருகுக்குள் தூசி. பற்றரியைக் கழற்றிவிட்டு, அந்தத் திருகை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் பல முறை திருப்புங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகும். சரியாகாவிட்டால் துப்புரவாக்கும் ஸ்பிறே அடிக்க வேண்டும், அது சின்ன வேலை.

கடைக்கு வரும் பெட்டிகளில் பெரும்பாலானவை செத்தது பற்றரி ஒழுகியதால். மாதக்கணக்கில் கேட்காமல் வைப்பதென்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள். ஒழுகியிருந்தால் துணியால் துடைத்து, தகட்டை மெல்லிய அரத்தாளால் உரசுங்கள். பச்சை பிடித்துத் தகடு அரித்துப்போயிருந்தால் மட்டும் கொண்டுவாருங்கள். மாரியில் எறும்பும் பல்லியும் சூட்டைத் தேடி உள்ளே போகும், ஒரு துணிப்பைக்குள் வைத்தால் போதும்.

பழையதைத் திருத்துவதா, புதிது வாங்குவதா?

மத்திய அலை கேட்பவர் என்றால் பழையதைத் திருத்துங்கள். பழைய பெட்டிகளில் உள்ளே இருக்கும் கோல் நீளம், இரவில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். எப்.எம் மட்டும் போதும் என்றால், யு.எஸ்.பி செருகும் இடமும் சின்ன சோலர் தகடும் உள்ள புதியது வாங்கலாம். அதில் ஸ்பீக்கர் பெரிதாக இருக்கிறதா என்று கடையிலேயே போட்டுக் கேளுங்கள். பெட்டியை மேசையில் வைத்து, பத்தடி தள்ளி நின்று செய்தி வாசிப்பது சொல் சொல்லாக விளங்கினால் எடுக்கலாம்.